கன்னுக்குட்டிக்கு லாடம்

ஏலே பேராண்டி, இந்த வீட்டுல நடக்கத் தெரிஞ்ச ஆளு மூணு பேரு. நடக்கத் தெரியாத உருப்படி ஒண்ணே ஒண்ணு. வாசல்ல நிக்குற செருப்பு ஸ்டாண்டுல பாதிக்கு மேல யார் பேருக்குப் பட்டா போட்டிருக்குன்னு என்னைக்காவது பாத்தியா? அந்த ஒத்த உருப்படிக்குத்தான். மிதிச்சா லைட்டு எரியுறது ஒரு ஜோடி, கணுக்காலுக்கு மேல லேஸ் கட்டுற பட்டாளத்து பூட்ஸு ஒரு ஜோடி, அப்புறம் நீ போட்டிருக்க அதே கம்பெனி, அதே கலரு, என் உள்ளங்கைக்குள்ள அடங்குற அளவுல ஒரு ஜோடி. அப்பனும் மகளும் ஒரே ஷூவோட இருக்க போட்டோவைக் குடும்ப குரூப்புல போட்டியே, பாத்தேன். சொந்தக்காரங்க அம்புட்டு பேரும் ஷூவைத்தான் பாராட்டியிருந்தாங்க. பிள்ளை அதுல ஷூவைக் கழத்தி அதோட நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கா. அது எதுக்கு லாயக்குன்னு அந்தக் கூட்டத்துலயே அவ ஒருத்திக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

இப்ப என்னடான்னா, இதெல்லாம் சரியில்லை தாத்தா, 'ஃபர்ஸ்ட் வாக்கர்'னு தனியா ஒண்ணு இருக்கு, உள்ளங்கால் வளைவைத் தாங்குறதுக்கு உள்ளயே மெத்தை வெச்சது, அதை வாங்கப் போறோம்னு காலையில இருந்து கெளம்பி நிக்க. விலையைக் கேட்டேன். எட்டயபுரம் சந்தையில அந்தக் காசுக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டி பிடிச்சிரலாம். குட்டி வாங்குன நிமிஷத்துல இருந்து நடக்கவும் செய்யும்.

கோவிச்சுக்கிடாதே. உக்காரு. ஃபீனிக்ஸ் மால் எங்கயும் எந்திரிச்சுப் போயிராது.

நீ விமான் நகருக்கு வந்து இத்தனை வருஷமாச்சு, ஏர்போர்ட்டுக்கு அந்தால ஆளந்தி இருக்கே, ஒரு நா போயிப் பாத்தியா? வருஷா வருஷம் மழை பிடிக்குற நேரத்துல அங்கருந்து ஞானேஸ்வரர் பாதுகையும், தேஹூவுல இருந்து துக்காராம் பாதுகையும் பல்லக்குல ஏறிப் புறப்படும். புனே வழியா, பண்டரிபுரம் வரைக்கும், இருநூத்தம்பது கிலோமீட்டர் கிட்டத்தட்ட. லட்சக்கணக்கான சனம் மூணு வாரம் கூடவே நடக்கு. பாதுகை பல்லக்குல போகும், மனுசன் தரையில நடப்பான். அது பக்தி, கையெடுத்துக் கும்பிடலாம். நீ என்ன பண்ணுத? ஷூவைப் பெட்டியில வெச்சு, பெட்டியைப் பையில வெச்சு, பையைக் காருல வெச்சு, பிள்ளையை இடுப்புல வெச்சு ஊர்வலம் போற. அந்தப் பாதுகைக்குச் சொந்தக்காரங்க நடந்து தேய்ச்சவங்க. இந்தப் பாதுகைக்குச் சொந்தக்காரி இன்னும் சோபாவை விட்டுக் கையையே எடுக்கலை.

நம்ம வீட்டுல வண்டி மாடு நின்ன காலம் உனக்குத் தெரியாது. கரிசக்காட்டுல உழுத வரைக்கும் மாட்டுக்கு லாடம் கேக்கலை. தார் ரோட்டுல பருத்திப் பொதியை ஏத்திக்கிட்டு கோவில்பட்டி மில்லுக்குப் போக ஆரம்பிச்ச பெறவுதான் குளம்பு தேஞ்சுது, லாடக்காரரைத் தேடிப் போனோம். மாட்டுக்குக் குளம்பு பிளந்து இருக்குறதால காலுக்கு ரெண்டு தகடு, மாட்டுக்கு எட்டு. கயித்தைப் போட்டுச் சாய்ச்சு, நாலு காலையும் சேத்துக் கட்டி, ஒவ்வொரு ஆணியா இறக்குவார். அந்த மனுசன்கிட்ட, தெருவுல துள்ளிக்கிட்டுத் திரியுற கன்னுக்குட்டியை இழுத்துட்டுப் போயி, 'அண்ணாச்சி, இதுக்கும் எட்டு கட்டி விடுங்க, சீக்கிரம் நடை பழகட்டும்'னு சொல்லிப் பாரு. முதல் ஆணியை அவர் எங்க அடிப்பாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. லாடம் கட்டுனது ரோட்டுக்காகத்தான். மாட்டுக்கு நடை சொல்லிக் குடுக்க எவனும் லாடம் கட்டலை.

உன் மக இன்னும் ரோட்டுக்கே வரலை. அவ ராச்சியம் இந்தச் சோபாவுல இருந்து அந்த டிவி மேசை வரைக்கும். லோஹேகாவ்ல இருந்து சுகோய் விமானம் கெளம்பித் தலைக்கு மேல போகும்போது சன்னல் கண்ணாடி அதிருது, நானே ஒரு நிமிஷம் ராமா ராமான்னுதேன். அவ என்ன பண்ணுதா? தவழ்ந்து போயி, பால்கனிக் கம்பியைப் பிடிச்சு, வெறுங்காலோட எந்திரிச்சு நிக்கா. எந்திரிச்சு நிக்கதுக்கு அவ கேட்டது பாக்குறதுக்கு ஒரு சாமான், பிடிக்குறதுக்கு ஒரு கம்பி. ரெண்டும் உங்க வீட்டு வாடகையிலயே அடங்கியிருக்கு.

நேத்து குளிப்பாட்டித் தரையில நிப்பாட்டுனப்போ ஈரத்தடத்தைப் பாத்துட்டு மூஞ்சி வெளுத்துப் போயி நின்ன. 'தாத்தா, முழுப் பாதமும் பதியுது, ஃப்ளாட் ஃபுட்'னு சொன்ன. அது கொழுப்புலே. உனக்கு இருக்குற கொழுப்பு இல்ல, நெசக் கொழுப்பு. வளைவு வரவேண்டிய எடத்துல ஆண்டவனே ஒரு மெத்தையை வெச்சுத்தான் அனுப்பியிருக்கான், ஓசியில. அதுக்கடியில நீ காசு குடுத்து இன்னொரு மெத்தை வைக்கப் போற. பெரிய மனுசன் பாதத்துல இருபத்தாறு எலும்பு. பச்சைப் பிள்ளைக்கு அதுல நெறைய எடம் இன்னும் குருத்தெலும்புதான். அதனாலதான் சின்ன ஷூவுக்குள்ள திணிச்சாலும் பாதம் மடங்கி உக்காந்துக்கிடும், பிள்ளை அழாது. அழலைங்குறதால ஷூ பொருந்திருச்சுன்னு நீ நெனைச்சுக்கிடுவ. வளைவு நல்லாத் தெரிய அஞ்சாறு வயசு ஆகும். உன் பாதமும் இப்படித்தான் இருந்துது. ஆனா உன் ஆத்தாளுக்கு அந்தக் கவலை வரலை, ஏன்னா நம்ம வீட்டுத் தரை சாணி மெழுகுனது, ஈரத்தை உறிஞ்சிரும், தடம் நிக்காது.

தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. எனக்கு உள்ள ஒரு ஆளு இருக்கா. உன் பெண்டாட்டிதான். நீ அந்த ரூம்ல கம்ப்யூட்டரைப் பாத்துத் தலையாட்டிக்கிட்டு இருக்க நேரத்துல, இவ போன்ல தேடி இங்கிலீஷுல வாசிப்பா, தமிழ்ல சொல்லுவா, நான் ம் கொட்டுவேன். ரெண்டு பேருமா எலும்பு டாக்டர் பட்டம் வாங்காத குறைதான். ஏத்தா, அந்த அமெரிக்காக் கதையை நீயே சொல்லு. சிரிக்காளே ஒழிய சொல்ல மாட்டா. சரி நானே சொல்லுதேன்.

1989ல வெங்கர்னு ஒரு டாக்டரும் அவர் கூட்டாளிகளும் சேந்து, தட்டைப் பாதம் இருக்க பிள்ளைக 129 பேரை எடுத்து நாலு பங்காப் பிரிச்சாங்க. ஒரு பங்குக்குத் திருத்துறதுக்குன்னே செஞ்ச ஷூ. ஒரு பங்குக்குக் குதிகால் கிண்ணம். ஒரு பங்குக்கு அவனவன் காலுக்கு அச்செடுத்து வார்த்த பிளாஸ்டிக் தாங்கி. நாலாவது பங்குக்கு ஒண்ணுமே கிடையாது, சும்மா திரிஞ்சுட்டு வாங்கன்னு விட்டுட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா எல்லாப் பங்குலயும் பாதம் தேறியிருக்கு. சும்மா திரிஞ்ச கூட்டத்துக்கும் அதே முன்னேற்றந்தான். மத்த மூணு பங்குக்கும் ஆன செலவை நெனைச்சுப் பாரு. அதை இப்ப முப்பது சொச்ச வருஷம் கழிச்சு விமான் நகர்ல வந்து உன்கிட்ட வசூல் பண்ணப் பாக்காங்க.

அமெரிக்காக்காரன் பாதம் வேற, நம்ம பாதம் வேறன்னு சொல்லுவ. அதுக்கும் ஆள் வெச்சிருக்கேன். 1992ல மணிப்பால் டாக்டர்மார் ரெண்டு பேரு, உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும், நம்ம தேசத்துப் பிள்ளைக 2,300 பேரோட பாதத் தடத்தை எடுத்தாங்க. நாலு வயசுல இருந்து பதிமூணு வயசு வரைக்கும். நீ பாத்ரூம்ல பாத்து வெளிறுன அதே தடந்தான், அவங்க உக்காந்து அளந்து பாத்தாங்க. செருப்பு ஷூ போட்டு வளந்த பிள்ளைகள்ல நூத்துக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோட வளந்ததுல 2.8. அதுலயும் விரலை மூடுன ஷூ போட்டவங்களுக்குத்தான் கூடுதல், திறந்த செருப்புக்காரங்களுக்கு அதைவிடக் கம்மி. மூணு வருஷம் போயி அதே பெஞ்சமின் ஜோசப்பும் சச்சிதானந்தம்னு ஒரு டாக்டரும் வளந்து முடிஞ்ச ஆளுக 1,846 பேரைப் பாத்தாங்க. பதினாறு வயசுக்குப் பெறவு ஷூ போட ஆரம்பிச்சவங்க மத்தியில தட்டைப் பாதம் 1.75. ஆறு வயசுக்குள்ளயே மாட்டுனவங்ககிட்ட 3.24. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

நான் பட்டிக்காட்டான்தான், ஆனா கணக்குல கள்ளம் பண்ண மாட்டேன். ஷூதான் காரணம்னு இந்தக் கணக்கு சத்தியம் பண்ணலை. ரெண்டும் சேந்தே இருக்குன்னுதான் சொல்லுது. தட்டைப் பாதத்தோட நூறு வயசு நடந்தவனும் இருக்கான், வலிக்காத வரைக்கும் அது ஒரு சீக்கும் இல்ல. ஆனா ஒண்ணு தெளிவு. வளைவு வரணும்னு ஷூ வாங்கப் போறியே, அந்த வியாபாரத்துக்கு மட்டும் இதுல ஆதாரம் இல்ல.

அந்த மணிப்பால் காலேஜ் பேரு என்னன்னு கேளு. கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரி. 1953ல டி. எம். ஏ. பை ஆரம்பிச்சது. கஸ்தூரிபா எங்க கண்ணை மூடுனாங்க? உங்க நகர் ரோட்டுல, ஆகா கான் மாளிகையில, 1944 பிப்ரவரி 22ல. ஆபீசுக்குப் போறப்ப வாறப்ப அந்த மதில் ஓரமா ஹாரன் அடிச்சுக்கிட்டுத்தானே போற? நானும் உன் பெண்டாட்டியும் போயி அந்தச் சமாதியில பூ வெச்சுட்டு வந்தோம். அங்க அடைபட்டுக் கெடந்த காந்தி யாரு தெரியுமா? செருப்பு தைக்கத் தெரிஞ்சவரு. தென்னாப்பிரிக்காவுல டால்ஸ்டாய் பண்ணையில பழகுனது. ஜெயில்ல போட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே தன் கையால தைச்ச ஒரு ஜோடியைக் குடுத்துட்டு வந்தாரு. அந்த ஆளு பல வருஷம் அதைப் போட்டுட்டு, 1939ல காந்தியோட எழுபதாவது பிறந்தநாளுக்குத் திருப்பி அனுப்பி வெச்சாரு. பகையாளி காலுக்குப் பொருந்துற செருப்பைத் தைக்க ஒரு மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்குப் பெத்த பிள்ளை கால் அளவு தெரியலை. காந்திக்கும் ஒரு ஃபீனிக்ஸ் உண்டு, டர்பன் பக்கத்துல, 1904ல. அங்க எஸ்கலேட்டர் கிடையாது.

இந்த ஷூப் பைத்தியம் எங்க பிடிச்சுதுன்னும் எனக்குத் தெரியும். பி விங் பிள்ளை பத்தாவது மாசத்துல நடந்துட்டானாம், சொசைட்டி குரூப்புல வீடியோ வந்துதாம். அன்னைக்கு ராத்திரி நீ சாப்பிடலை. ஒலக சுகாதார நிறுவனம் அஞ்சு நாட்டுல, கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கான்னு, பிள்ளைக எப்ப தனியா நடக்குன்னு கணக்கெடுத்து 2006ல போட்டிருக்கு. எட்டு மாசத்துல இருந்து பதினேழரை மாசம் வரைக்கும் எப்ப நடந்தாலும் சரிதான். கடைசியில நடந்த பிள்ளைக்குக் காலேஜ்ல சீட்டு இல்லைன்னு எவனும் சொல்லலை. பதினெட்டு மாசம் தாண்டியும் நடக்கலை, ஒரு காலை இழுத்து நடக்கா, எந்நேரமும் நுனிக்காலுலயே நிக்கா, பாதம் விறைப்பா இருக்கு, வலிக்குன்னா அப்ப டாக்டர்கிட்ட போ. அப்பவும் ஷூக்கடைக்குப் போவாதே.

விழுந்துருவாளேன்னு பயப்படுத. விழத்தான் செய்வா. நியூயார்க்குல கேரன் அடால்ஃப்னு ஒரு அம்மா, நடை பழகுற பிள்ளைகளைப் பின்னாலயே போயி எண்ணியிருக்காங்க. 2012ல எழுதுனது. ஒரு மணி நேரத்துக்கு சராசரி 2,368 அடி, 17 விழுகை. மணிக்குப் பதினேழு தடவை உன்னை விழச் சொன்னா ரெண்டாவது தடவையிலயே மெடிக்கல் லீவு போட்டுருவ. அவ எந்திரிச்சுத் திரும்பப் போறா. விரலை விரிச்சுத் தரையைக் கவ்விப் பாத்து, எந்த எடம் வழுக்கும், எந்த எடம் தாங்கும்னு அந்த உள்ளங்கால்தான் அவளுக்குச் சேதி சொல்லுது. தடி அட்டையை அடியில ஒட்டிவிட்டா அந்தச் சேதி போய்ச் சேராது. ஆனா வெறும் சாக்ஸை மாட்டி இந்த வழுவழு டைல்ஸ்ல விடாதே, அது பிள்ளைக்குச் சறுக்கு மரம். மார்கழிக் குளிருக்கு வேணும்னா அடியில ரப்பர் பொட்டு வெச்ச சாக்ஸு போடு. புனேக் குளிரு என் முட்டிக்கே தெரியும்.

இன்னொண்ணு. அந்த மூலையில உருட்டி வெச்சிருக்கியே, பிள்ளையை நடுவுல உக்காரவெச்சு நாலாபக்கமும் சக்கரம் ஓடுற வாக்கர், அதைக் கனடாக்காரன் 2004லயே விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டான். மாடிப்படியில உருண்டு மண்டை உடைஞ்ச பிள்ளைக அத்தனை. நம்ம நடைவண்டி அப்படியில்ல. மரத்துல மூணு சக்கரம், பிள்ளை நின்னு தள்ளணும், தள்ளுனாத்தான் நகரும். அதை வாங்கிட்டு வாரேன்னு ஊர்ல இருந்து கெளம்பும்போதே சொன்னேன். லக்கேஜ் கூடிரும்னு சொன்ன. அப்ப இந்த ஷூப் பெட்டியெல்லாம் லக்கேஜ் இல்லாம வேற என்னவாம்?

சரி, மூஞ்சியைத் தூக்காதே. செருப்பே வேண்டாம்னு நான் சொல்லலை. வீட்டை விட்டு வெளிய கால் வெச்சா வேணும். கொக்கிப்புழுன்னு ஒண்ணு இருக்கு. மண்ணுல கெடந்து பாதத்துத் தோல் வழியாவே உள்ள ஏறிரும். கெய்ரோவுல லூஸ்னு ஒரு விஞ்ஞானி, புழு இருந்த தண்ணி தன் கையிலயே சிந்திப்போயி, அது தோலைத் துளைச்சு உள்ள போறதைக் கண்டுபிடிச்சு 1898ல எழுதி வெச்சாரு. நம்ம ஊர்ல அந்தக் காலத்துப் பிள்ளைக சோகை பிடிச்சு வெளிறித் திரிஞ்சதுல அதுக்கும் பங்கு உண்டு. 'நாங்கெல்லாம் வெறுங்காலோடயே வளந்தோம்'னு பெருமை பேசுற கெழவனுகளை நம்பாதே, நான் உட்பட. பிப்ரவரியிலயும் ஆகஸ்டுலயும் குடற்புழு மாத்திரை குடுக்குறாங்களே, ஒரு வயசு முடிஞ்சா அரை மாத்திரை, மறந்துராதே. அப்புறம் உங்க சொசைட்டிப் புல்தரையில நாய் பண்ணி வைக்குற காரியம், சித்திரை வெயில்ல கொதிக்குற பேவர் பிளாக், பக்கத்து மனையில கட்டடம் எழும்புறதால கெடக்குற ஆணி. தார் ரோடு வந்ததும் லாடம் வந்துது, அம்புட்டுத்தான். அவ தானா நாலு வீடு தூரம் நடக்கட்டும். அன்னைக்கு ஒரு ஜோடி வாங்கு. ஒரே ஜோடி.

எப்படி வாங்கணும்னு கேக்கியா, கேக்க மாட்டியா? கேக்கலைன்னாலும் சொல்லுவேன்.

பெட்டியில போட்டிருக்க மாசக் கணக்கை நம்பாதே. பன்னெண்டுல இருந்து பதினெட்டு மாசம்னு எழுதியிருக்கும். மாசத்துக்கு வயசு உண்டு, பாதம் உண்டா? இங்கிலீஷ்காரன் அளவுன்னா ஒவ்வொரு நம்பரும் ஒரு வாற்கோதுமை மணி நீளம், மூணு மணி சேந்தா ஒரு அங்குலம். ஐரோப்பாக்காரன் நம்பருக்கு ஒரு சென்டிமீட்டர்ல மூணுல ரெண்டு பங்கு. நம்ம பாதம் முன்னால அகலம். அடையாறுல தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கே, 1948ல வந்தது, அவங்க 2021 டிசம்பர்ல இருந்து நாலு மாசம், 79 ஊர்ல, 1,01,880 பேரு பாதத்தை அளந்தாங்க. ஐரோப்பாக்காரனைவிட நமக்கு அகலம்னு கண்டு, 'பா'ன்னு பேரு வெச்சு நமக்குன்னே எட்டு அளவு வகுத்துச் சொல்லியிருக்காங்க. பொறந்ததுல இருந்து ஒரு வயசுக்கு ஒண்ணாம் அளவு, ஒண்ணுல இருந்து மூணு வயசுக்கு ரெண்டாம் அளவு. அதெல்லாம் கடைக்கு வந்து சேர்றதுக்குள்ள உன் மக காலேஜுக்குப் போனாலும் போவா. அதுவரைக்கும் காகிதந்தான் வழி.

பிள்ளையைக் காகிதத்து மேல நிப்பாட்டு. உக்காந்திருக்கப்போ அளக்காதே, நின்னாத்தான் பாதம் விரியும். சாயங்காலமா, ஆடி முடிச்ச பெறவு, ரெண்டு காலையும் பென்சிலால சுத்தி வரை. ரெண்டும் ஒரே அளவு இருக்காது, பெரிய காலுக்கு வாங்கு. வரைஞ்சதை வெட்டி எடுத்துட்டுப் போயி ஷூவுக்கடியில வெச்சுப் பாரு. முன்னால அகலம் பத்தாம காகிதம் வெளிய துருத்துச்சுன்னா அந்த ஷூவை அப்பவே வெச்சிரு, கடைக்காரப் பையன் லெதர் விட்டுக் குடுக்கும்னு சொன்னாலும் சரி. ஒரு கடையில என்கிட்டயே சொன்னான். லெதர் விட்டுக் குடுக்காது தம்பி, எலும்புதான் விட்டுக் குடுக்கும்னேன். கட்டைவிரலுக்கு முன்னால உன் பெருவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் கம்மியா எடம் விடு. ஒரு வருஷம் போடட்டும்னு ரெண்டு நம்பர் பெருசா வாங்குனா, அவ நடக்க மாட்டா, இழுப்பா. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா விரலை விட்டுத் தடவிப் பாரு, இந்த வயசுல காலு அவ்வளவு வெரசா வளரும். அதனாலதான் சொல்லுதேன், விலை கூடுனதை வாங்காதே.

பெறவு ரெண்டு கையாலயும் ஷூவை வளைச்சுப் பாரு. விரல் மடங்குற எடத்துல மடங்கணும். நடுவுல ரெண்டா மடிஞ்சா அது சரியில்லை, எங்கயுமே மடியலைன்னா அது பலகை. குதிகால் உசரம் இருக்கக் கூடாது. அடிப்பாகம் மெலிசா, வழுக்காம, கையில எடுத்தா கனம் தெரியாம இருக்கணும். ஒட்டுற பட்டை வெச்சது நல்லது. லேஸ் கட்டுறது அவ பழக வேண்டிய வித்தை, அதுக்கு இன்னும் வருஷம் கெடக்கு. அக்கா பிள்ளை போட்டுத் தேஞ்சதை வாங்கி மாட்டாதே, அது அந்தப் பிள்ளை காலுக்குப் பழகுனது.

மிதிச்சாக் கீச்சுக் கீச்சுன்னு கத்துற செருப்பு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கியே, அதைப் பத்தி எனக்கும் கீழ்வீட்டு மராத்தி ஆஜிக்கும் ஒரே அபிப்பிராயம். அவங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராத்தி தெரியாது. பிள்ளையைக் கையைப் பிடிச்சு அதோட லிஃப்டுக்குள்ள நீ நிப்பாட்டுன அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தலையில அடிச்சுக்கிட்டோம். பிள்ளை எங்க இருக்குன்னு தெரியணும்னா ஒரு கொலுசு போதும். அந்த ஊதல் கழண்டு வந்தா நேரா வாய்க்குத்தான் போகும். இன்னைக்கே அதைப் பிடுங்கிப் போடு. மனுசன் மத்தியானம் கண் அசரவும் முடியலை.

ஆக, இன்னைக்கு அந்த மெத்தை ஷூ வாங்கலை. காசு மிச்சம். மிச்சக் காசு வீட்டுல சும்மா கெடந்தா கண்ட ஆப்புல போயிரும். அதனால நானும் உன் பெண்டாட்டியும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். மகாராஷ்டிரத்துக்கு வந்துட்டு ஒரு கோலாப்புரி இல்லாம நான் ஊருக்குத் திரும்புனா, டீக்கடையில ஒரு பய மதிக்க மாட்டான். 2019ல புவிசார் குறியீடு வாங்குன செருப்பு. 2025ல மிலான்ல பிராடாக்காரன் அதே கணக்கா ஒண்ணை மேடையில ஏத்திட்டு, சத்தம் கிளம்புன பெறவு, இந்தியாக் கைவினையைப் பாத்துத்தான் செஞ்சோம்னு ஒத்துக்கிட்டான். விரலை அமுக்காது, திறந்து கெடக்கும், பாதம் அகலமானவனுக்குன்னே செஞ்சது. நான் இம்புட்டு நேரம் சொன்ன லட்சணம் அத்தனையும் அதுல இருக்கா இல்லையா? அடி மட்டும் வளையாது, அது பழகப் பழகச் சரியாயிரும். எனக்கு எலும்பு முத்தி அறுபது வருஷமாச்சு.

லட்சுமி ரோட்டுப் பக்கம் போவோம். அளவெடுக்க நீ சிரமப்பட வேண்டாம், நேத்து சாயங்காலமே என்னைக் காகிதத்துல நிக்கவெச்சு இவ வரைஞ்சுட்டா, உன் லேப்டாப் பையில மடிச்சு வெச்சிருக்கு. கடைக்காரன்கிட்ட ஒண்ணு மட்டும் மறக்காம கேளு. நடந்தா கர்ரு கர்ருன்னு சத்தம் போடுற ஜோடி இருக்குமாம்லா, அதுதான் வேணும். தெரு முக்குல நான் வரும்போதே டீக்கடைக்குத் தெரியணும்.